தேறல் போத்தலும் திருவிழாக் கரகமும்

மதிப்புக்குரிய மச்சான், கோயில் தலைவர் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் அட்டைக்கடி இல்லாமல் சுகமாக இருக்க மாரியாத்தா துணை.

ஒரு வருடம் குடிக்க மாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவன் கள்ளு நாற்றத்தோடு சபைக்கு வந்தான், ஆகையால் இந்தத் திருவிழாவில் அவனுக்குக் கரகம் இல்லை என்று என்னைப் பற்றிக் கமிட்டி முடிவெடுத்ததாகக் கேள்வி. நீங்கள் போனை எடுக்காததால் எழுதுகிறேன். பதினோரு வருஷமா கரகம் என் தலையிலதான். அதை இறக்குறதுக்கு முன்னால நடந்ததைக் கேளுங்க.

கெம்பஸ்ல தமிழ் படிக்கிற என் மக, உங்க மருமக ஜீவராணி, வெள்ளிக்கிழமை யட்டியாந்தோட்டைத் தமிழ் விழாவுல தேறல்ங்குற பழைய சொல்லப் பத்திப் பேசுறதா இருந்துச்சு. அந்தக் காலத்துல கள்ளுக்கு அப்படி ஒரு பேராம். சபைக்குக் காட்ட ஒரு போத்தல் வேணும்னுச்சு. கித்துல்கல போயி கித்துல் மரத்துக் கள்ளு வாங்கினேன். கள்ளு இறக்குற சிங்கள மாத்தயா, மூடியை இறுக்காதேன்னு சொல்லித்தான் விட்டாரு. முப்பது வருஷம் ரப்பர் பால் வெட்டி, வாளிய இறுக்கி மூடியே பழகின கை கேக்குமா? பஸ் குலுக்கின குலுக்குல மூடி பறந்து, முன் சீட்டுல ஜும்மாவுக்குப் போய்க்கிட்டிருந்த ஜுனைதீன் நானாவோட வெள்ளைச் சட்டை பூரா நுரை, என் சட்டையிலயும். மனுசன் திரும்பிப் பாத்து, "ஐயாவு, இதோட நான் எந்தப் பள்ளிக்குப் போறது?"ன்னு மட்டுந்தான் கேட்டாரு. அவரு சட்டை மாத்த வீட்டுக்கு இறங்கிப் போனாரு. எனக்கு மாத்த ஏது, அப்படியே வந்தேன். நாத்தம் வந்த வழி அதுதான். ஒரு சொட்டு நாக்குல படல.

மிச்சமிருந்த அரைப் போத்தலை மேடையில தூக்கிக் காட்டிப் புள்ள சொல்லிச்சு பாருங்க: "தேறுறதுன்னா தெளியிறது. கசடு அடியில தங்க, மேல தெளிஞ்சு நிக்குற கள்ளுதான் தேறல். பரீட்சையில தேறினேன்னு சொல்றமே, அதுவும் இதே வேர்தான்." மண்டபமே கை தட்டுச்சு. இந்தப் புள்ளையோட அப்பா யாருன்னு மேடைக்கே கூப்பிட்டாங்க. தோட்டத்து லயத்துல பொறந்தவன், கள்ளு நாத்தத்தோட, பேராசிரியர் பக்கத்துல நின்னேன் மச்சான். எனக்கு அன்னைக்கு இருந்த பெருமை கரகம் தூக்குறப்பகூட இருந்ததில்ல. நீங்க முதல் வரிசையில மூக்கைப் பொத்திக்கிட்டு இருந்ததையும் பாத்தேன்.

ஆகையால் கரகம் வழக்கம்போல் என் தலைக்கே வரவேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அக்காவின் முழங்கால் வலி சீக்கிரம் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
ஐயாவு

பி.கு.: மேலே எழுதினதை ஜீவராணிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுட்டு, "அந்தப் போத்தலை எங்கப்பா கொட்டினீங்க?"ன்னு கேட்டுச்சு. புள்ளைகிட்ட பொய் சொல்ல வரல, உங்ககிட்டயும் வேணாம். அவ்வளவு சனம் கை தட்டினதைச் சாக்கடைக் கானுல ஊத்த மனசு வரல மச்சான். மேல தெளிஞ்சதை மட்டுந்தான் குடிச்சேன். கரகத்தை வேற ஆளுக்குக் குடுத்துருங்க. ஆத்தாகிட்ட நானே சொல்லிக்கிறேன்.