என் கதிரைக்கு ஒரு நிற்கிற டிக்கெட்

மூதூர்,
7.11.1972

கொழும்பில் இருக்கும் அன்புள்ள காக்கா அவர்களுக்கு, தங்கை நஜ்முன் நிஸா ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம், என் முழங்கால்கள் நீங்கலாக. மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

காக்கா, குடாக் கடலால திருகோணமலைக்குப் போற லாஞ்சியை இப்ப புதுக் கொம்பனி ஒண்டு எடுத்து நடத்துது. நிண்டு போக ஒரு டிக்கெட்டாம், குந்தி இருந்து போக அதைப்போல மூண்டு மடங்காம், அதுக்கு மேல வரியாம். என்ன வரியெண்டு கேட்டா டிக்கெட் கிளாக்கர் யோகலிங்கம் "வரியெண்டா வரிதான் அக்கா" எண்டு கூரையைப் பாக்கிறார். மகள் ரபீக்கா அங்க டவுனில நிறைமாசமா இருக்கிறாள், ஒருநாள் விட்டு ஒருநாள் நான் சோறு கொண்டு போகாட்டி ஒரு வாய் இறங்காது அவளுக்கு. நிண்டு போக முழங்கால் விடாது, இருந்து போக உங்கட மச்சான்ட சம்பளம் விடாது. நான் என்ன செஞ்சன் தெரியுமா? குசினியில கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு லாஞ்சி கட்டுற ஜெட்டிக்குப் போனன்!

யோகலிங்கம் மறிச்சார். "அக்கா, கதிரைக்கும் டிக்கெட் எடுக்கோணும்."

"எடுக்கிறன். கதிரை நிக்குதா, இருக்குதா?"

மனுசன் குனிஞ்சு நாலு காலையும் பாத்தார். "நிக்குது."

"அப்ப எங்க ரெண்டு பேருக்கும் நிக்கிற டிக்கெட் தாங்க."

தந்திட்டார் காக்கா! குடாவில அலை தூக்கித் தூக்கிப் போட, நான் கதிரையில ராணி மாதிரி இருந்து போனன். கதிரையும் கையுமா வாசலில கண்ட ரபீக்கா, "உம்மா, வாப்பாவோட கோவிச்சுக்கொண்டு வந்திட்டீங்களா?" எண்டு அழவே தொடங்கிட்டாள்.

அடுத்த பயணம் நீங்க பாத்திருக்கோணும்! ஜெட்டி முழுக்கக் கதிரை. பாக்கியரத்தினம் டீச்சர் நாலு பேர் இருக்கிற நீட்டு வாங்கு ஒண்டோட. தபால்கந்தோர் இராசையா சாய்மனைக்கதிரையை ஏத்தி, அதில படுத்தே விட்டார். லாஞ்சி ஒரு பக்கம் சரிய, ஓட்டுறவர் "எடுக்க ஏலாது" எண்டு இறங்கிட்டார். கொம்பனி மனேஜர் ஜவாஹிர் ஓடி வந்து, "இது லாஞ்சியா, கலியாண வீடா?" எண்டு கத்தினார். "கலியாண வீட்டில இருக்கிறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க" எண்டன் நான். சனம் கை தட்டினதில ஜெட்டியே ஆடிச்சு. அவர் என்ட பேரைக் கேட்டார். வாப்பாட பேரையும் சேத்தே சொன்னன். கொம்பனிக்குப் பயந்த குடும்பமா நாம?

ஆகவே காக்கா, மந்திரிக்கு இங்கிலிசில காரமா ஒரு பெட்டிசம் எழுதுங்க. இருக்கிறதுக்குக் காசு வாங்கிறது பகல் கொள்ளை எண்டு போடுங்க. ஊரே கையெழுத்து வைக்கும்.

ரபீக்காட பிரசவத்தை அல்லாஹ் லேசாக்கி வைக்கட்டும். உங்கள் ஆயுளிலும் உழைக்கும் ரிஸ்கிலும் பரக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
நஜ்முன் நிஸா

பி.கு.: கவரை ஒட்டப் போக, மனேஜர் வீட்டுக்கே வந்திட்டார். பொம்புளைகள் பக்கம் டிக்கெட் பாக்க ஆள் வேணுமாம். என்ட சொல்லைத்தான் சனம் கேக்குமாம். நாளைக்கு வேலைக்குப் போறன். பெட்டிசம் வேணாம். யோசிச்சுப் பாத்தா அவங்க கேக்கிறதும் ஞாயம்தான், டீசல் விக்கிற விலையில! புள்ள பாக்க வாறபோது எல்லாருக்கும் இருக்கிற டிக்கெட்டே எடுங்க. சொந்தக்காரருக்குச் சலுகை இல்லை.