கவர் மாறிய வியாழன்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் நலம் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். சிறுநீர்ப்பையில் இரண்டு கல் என்று டாக்டர் சொன்னதிலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே உங்கள் தங்கை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நாளை ஆபரேஷன் வேண்டாம். டாக்டர் பார்த்தது உங்கள் படமே இல்லை. அது வியாழன் கிரகம்.

கோபப்படாமல் படியுங்கள். உங்கள் மருமகள், அதுதான் என் மகள், செய்யும் ஆராய்ச்சி தெரியுமல்லவா? வியாழனின் இரு துருவங்களிலும் வானத்தில் ஒளித்திரை ஆடுமாம், அதிலிருந்து எக்ஸ்ரே கிளம்புமாம். அதைச் சுற்றும் ஒரு நிலாவின் எரிமலை கக்கும் கந்தகமும் ஆக்சிஜனும் கிரகத்தின் காந்தத்தில் சிக்கி, தலைதெறிக்க ஓடிவந்து துருவத்தில் மோதுவதால் வருகிறதாம். முப்பது வருஷம் எக்ஸ்ரே அறையில் குப்பை கொட்டியவன் நான், கரண்ட் போனால் ஈ ஓட்டுவேன். அங்கே மிஷினும் இல்லை, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்ல ஆளும் இல்லை, கதிர் பாட்டுக்கு அடிக்கிறது. பெருமை தாங்காமல், கல்லூரிக் கண்காட்சிக்கு அவள் கேட்ட படத்தை நம் ஆஸ்பத்திரி பிலிமிலேயே அச்சடித்துக் கொடுத்தேன். மங்கலாக ஓர் உருண்டை, மேலே ஒரு வெள்ளைப் புள்ளி, கீழே ஒன்று. அன்றுதான் உங்களையும் படம் எடுத்தேன். இரண்டும் ஒரே மாதிரிக் கவர், பெயர் ஒட்ட மறந்தது என் தப்பு. டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டி, "நல்லா தெளிவா விழுந்திருக்கு" என்று பாராட்ட வேறு செய்தார். நான் படத்தைப் பார்க்காமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

இன்று மதியம் மகளிடமிருந்து போன்.

"அப்பா, என் வியாழன் எங்கப்பா? கவர்ல யாரோட இடுப்போ இருக்கு."

"மாமாவோடதும்மா."

"புரொபசர் அரை மணி நேரமா அதைத்தான் உத்து உத்துப் பார்க்கிறாரு."

டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கிரகத்துக்கு ஆபரேஷன் பண்ற அளவுக்கு நமக்கு வசதி பத்தாதே. மச்சான் படத்தைக் கொண்டாங்க" என்றார். அதை எதற்குப் பார்க்க வேண்டும்? உங்கள் உடம்பு இரும்பு. தேதியை ரத்து செய்துவிட்டேன். என் கவனக்குறைவால் உங்கள் மேல் கத்தி பட்டிருந்தால் உங்கள் தங்கை முகத்தில் எப்படி விழிப்பேன்? மன்னித்துவிடுங்கள் மச்சான்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது மகள் உங்கள் படத்தோடு வந்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மூன்று கல். "மாமா வியாழனையே மிஞ்சிட்டாருப்பா" என்கிறாள். டாக்டரின் கையைக் காலைப் பிடித்து அதே தேதியைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள்.