காத்தமுத்து கேட்ட ஐம்பத்தொரு தட்டு

சோபாவை மீட்டே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தேன். எல்லைக்காக நாடுகளே சண்டை போடுகின்றன. மூன்று பேர் உட்காரும் ஒரு சோபாவுக்காக நான் போராடக் கூடாதா?

சோபா தொலைந்து போகவில்லை. திண்டுக்கல்லில், என் வீட்டு ஹாலில், நான் வாங்கிப் போட்ட இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் சீர்த்தட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

என் மனைவி தீபா வீட்டிலிருந்தே தொழில் செய்கிறாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் சொந்தக்காரர்கள் வரிசையாகத் தட்டு தூக்கிப் போகிறார்களே, அந்தத் தட்டுகளை அலங்காரம் செய்து வாடகைக்குக் கொடுக்கிறாள். புடவையை மயிலாக மடிப்பாள். துண்டை யானையாக மடிப்பாள். தேங்காய்க்கு மீசை வரைந்து மாப்பிள்ளை ஆக்குவாள். மாப்பிள்ளையான என்னை என்ன ஆக்கினாள் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஹாலில் ஒரு பக்கம் ஜிகினா. ஒரு பக்கம் ரிப்பன். ஒரு பக்கம் பசை. நடுவில் இரண்டு பிள்ளைகள். ஆறு வயது தமிழ்மதி பூ ஒட்டுவாள். மூன்று வயது முகேஷ் அதைப் பிய்ப்பான். வெங்காயக் கமிஷன் கடையில் வேலை முடித்து நான் வந்தால் உட்கார இடம் இருக்காது. ஒருநாள் சோபாவின் ஓரமாகக் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கடையில் முதலாளி கேட்டார்: "என்ன காமராஜ், பின்னாடி மின்னுது?"

தொழிலை நிறுத்து என்று தீபாவிடம் நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் உண்டு. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும் நாட்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

எதிர்வீட்டு பிராங்க்ளினிடம் யோசனை கேட்டேன். செல்போன் கடை வைத்திருக்கிறான். அவனிடம் சிம் கார்டுக்கும் பஞ்சமில்லை, யோசனைக்கும் பஞ்சமில்லை.

"மாப்ள, நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவாங்களா? தாங்க முடியாத அளவுக்கு ஒரு ஆர்டர் குடு. ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு ஒத்த ஆளா என்ன செய்வாங்க? 'என்னால முடியல'ன்னு அவங்களே சொல்லுவாங்க."

"ஆர்டர் யாரு குடுக்குறது?"

"நான்தான். ரெட்டியார்சத்திரம் காத்தமுத்து."

"அது யாரு?"

"இப்பப் பொறந்தவரு."

நாளும் நேரமும் நானே குறித்துக் கொடுத்தேன். எங்கள் கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தீபா கலங்கி நிற்கும்போது பக்கத்தில் இருந்து நான் ஆறுதல் சொல்ல வேண்டாமா? அதனால் செவ்வாய். மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மணி மூன்றரை. அதனால் மூன்றரை.

அன்று சாயங்காலமே தீபாவின் போன் அடித்தது. கையெல்லாம் பசை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம்மா. நான் ரெட்டியார்சத்திரத்துல இருந்து காத்தமுத்து பேசுறேன். தாய்மாமன் சீருக்குத் தட்டு வேணும்." பிராங்க்ளின் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பேசினான். தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல் இருந்தது.

"சொல்லுங்கண்ணே, என்ன விசேஷம்?"

"காதுகுத்து."

"பொண்ணுக்கா, பையனுக்கா?"

இதை நாங்கள் பேசி வைக்கவில்லை.

"காதுக்குத்தாம்மா" என்றான்.

"சரிங்கண்ணே. எத்தனை தட்டு?"

"ஐம்பத்தொண்ணு. அடுத்த வாரம் செவ்வாய்க்கெழம. சாயந்தரம் மூணரைக்கு மண்டபத்துக்குள்ள நுழையணும்."

தீபா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்ல நேரம்ண்ணே. செஞ்சு குடுத்துர்றேன்" என்று போனை வைத்தாள்.

முகத்தில் அக்கறையை வரவழைத்துக்கொண்டேன்.

"அம்புட்டும் ஒனக்கு எப்படி முடியும், தீபா? சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு?"

"முடியலன்னா என்ன செய்யணுங்கிறீங்க?"

"முடியலன்னா... தட்டுத் தொழில மூட்டை கட்டிரு. ஒன் உடம்புக்காகத்தான் சொல்றேன்."

"முடிச்சுட்டா?"

"முடிச்சுட்டா நீ சொன்னபடி நான் கேக்குறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே? சரி. அதுவரைக்கும் பிள்ளைகள நீங்க பாத்துக்கங்க. கையையும் காலையும் கட்டிப்போட்டுட்டு ஓடுன்னா அது பந்தயம் இல்லை."

நியாயமாகத்தான் பட்டது. பிள்ளைகளைப் பார்ப்பது ஒரு வேலையா என்றும் பட்டது. இரண்டாவது எண்ணம் மறுநாள் மாலை வரைதான் இருந்தது.

முகேஷுக்கு ஒரு வாய் சோறு ஊட்ட ஒரு ஆட்டைக் காட்ட வேண்டும். தெருவில் ஆடு தீர்ந்துவிட்டது, கிண்ணத்தில் சோறு தீரவில்லை. ஆடு தேடி அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே ஆட்டுக்காரர், "தம்பி, வாங்குறதா இருந்தா வெல பேசு, இல்லன்னா வழிய விடு" என்றார். தமிழ்மதியின் வீட்டுப்பாடத்துக்காக உட்கார்ந்து அழகான காகிதக் கப்பல் ஒன்று செய்து கொடுத்தேன். டீச்சர் கேட்டிருந்தது சூரியக் குடும்பம். இவளைக் குளிப்பாட்டினால் அவன் அழுக்காகிறான். அவனைத் தூங்க வைத்தால் இவள் எழுந்துகொள்கிறாள். இடையில் நான் ஒருநாள் குளித்ததாக ஞாபகம்.

தீபாவோ படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தாள். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. தோற்கப்போகிறவள் பாடுவாளா?

வியாழக்கிழமை பிராங்க்ளின் ஓடிவந்தான்.

"மாப்ள, அட்வான்ஸ் கேக்குறாங்க."

"குடுத்துரு."

"காத்தமுத்துகிட்ட ஏதுடா காசு? அவரு பொறந்தே நாலு நாளுதான் ஆச்சு."

புது வண்டிக்காக நான் சேர்த்து வைத்திருந்ததிலிருந்து கொடுத்தேன். என் காசை என் மனைவிக்கே எதிர்வீடு வழியாக அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டிப் பார்த்தேன். ஐம்பத்தொரு தட்டும் தயாராக இருந்தன. மயில்கள், யானைகள், மீசை வைத்த தேங்காய்கள் எல்லாம் என்னையே பார்த்தன. ரெட்டியார்சத்திரத்தில் மண்டபமும் இல்லை, காதும் இல்லை, காத்தமுத்துவும் இல்லை. மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரியாக மூன்றரைக்கு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது.

"என்னங்க, வாங்க, தட்டு ஏத்தணும். நீங்களே போயிக் காத்தமுத்து அண்ணன் கையில குடுத்துட்டு வந்துருங்க."

"எந்த மண்டபம்?"

"அத நீங்கதான சொல்லணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

தீபா இடுப்பில் கை வைத்தாள்.

"செவ்வாய்க்கெழம மூணுல இருந்து நாலரை வரைக்கும் ராகு காலம். எந்த ஊருலயாச்சும் தாய்மாமன் ராகு காலத்துல சீர் தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள நுழைவானா? செவ்வாய்க்கெழம லீவு, மூணரைக்குத் தூங்கி எந்திரிக்கிற ஆளு, இந்தத் தெருவுல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருதான்."

ராகு காலம் எனக்குத் தெரியாதா? தினமும் காலண்டரைக் கிழிப்பவனே நான்தான். கிழித்த தாளை யார் படிக்கிறார்கள்?

ஆட்டோவைப் பார்த்தேன். ஓட்டுநர் இருக்கையில் பிராங்க்ளின். பக்கத்தில் அவன் மனைவி அறிவுச்செல்வி. பிராங்க்ளின் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே பிராங்க்ளின், நீயுமாடா?"

"கைக்குட்டை எதுக்குன்னு இவ அன்னைக்கு ராத்திரியே கேட்டுட்டா மாப்ள. நான் பொய் சொல்லிப் பழகாதவன்."

நான் தட்டுகளைக் காட்டினேன். "அப்ப இந்தத் தட்டெல்லாம் வீணா, தீபா?"

"ஏன் வீணாகுது? சின்னாளபட்டியில நாளைக்குக் காலையில கல்யாணம். போன மாசமே ஆர்டர் குடுத்துட்டாக. பிள்ளைகள யாருகிட்ட விட்டுட்டு இம்புட்டையும் செய்யப்போறோம்னு நான் முழிச்சுக்கிட்டு இருந்தேன். நல்ல வேளையா காத்தமுத்து அண்ணன் போன் போட்டாரு." பிறகு சொன்னாள்: "தொழில விட்டுருன்னு நேராக் கேட்டிருக்கலாம்ல? விட மாட்டேன்னு நானும் நேராச் சொல்லியிருப்பேன். இம்புட்டு அலைச்சல் இருந்திருக்காது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முடிச்சுட்டேன்ல? இனி நான் சொன்னபடி கேக்கணும்."

"சொல்லு" என்றேன். எதற்கும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வீட்டுல இடம் பத்தல. நானும் அறிவுச்செல்வி அக்காவும் கூட்டாச் செய்யப்போறோம். தட்டு, பசை, ஜிகினா எல்லாம் நாளையில இருந்து அவுக வீட்டு ஹாலுக்குப் போயிரும். ஒங்க சோபா ஒங்களுக்கு. சரிதானா?"

என் காதை நான் நம்பவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். தோற்றும் ஜெயித்தவன் திண்டுக்கல் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்! பிராங்க்ளினைப் பார்த்தேன். பாவம், இன்னும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இனி அவன் சோபா மின்னும்.

"சரி தீபா. ஒனக்காக ஒத்துக்கிறேன்" என்றேன், பெருந்தன்மையோடு.

மறுநாள் மாலை கடையிலிருந்து விசில் அடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஹால் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வாசலில் தீபா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தமிழ்மதி, முகேஷ், அவர்களுக்கு நடுவில் பிராங்க்ளினின் இரட்டைப் பையன்கள்.

"இவனுக எதுக்கு இங்க?"

"தட்டு செய்யிற வீட்டுல பிள்ளைகள விட முடியுமாங்க? நாங்க எட்டு மணிக்கெல்லாம் வந்துருவோம். நாலு பேருக்கும் சோறு பெசைஞ்சு வச்சிருக்கேன். தொட்டுக்க வெஞ்சனம் தனியா இருக்கு."

சோபா இப்போது எனக்கே எனக்கு. அதன்மேல் ஏறி நின்றுதான் நான்கு பிள்ளைகளும் தினமும் என் முதுகில் குதிக்கிறார்கள்.