தானாக விழுந்த தாழ்ப்பாள்

விசிலை ஊதிவிட்டுச் செயலாளர் அறிவித்தார்: "இப்போ எல்லாரும் ஓய்வெடுக்கலாம்."

சபைக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் ஏற்கெனவே ஓய்வில்தான் இருந்தார்கள். விசில் சத்தத்தில் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து புதுப் பருவம். பாட்டுப் பயிற்சி, பிள்ளைகள் வகுப்பு, நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது என்று சபைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்கு முன்னால் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாகக் கூடிச் சும்மா இருப்பது அங்கே வழக்கம். அன்று சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு, அடுத்த செயலாளர் யார் என்பதும் முடிவாகும். பதவி கைநழுவிப் போய்விடுமோ என்று செயலாளருக்கு ஒரு வாரமாகப் பயம். அதனால், யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி இந்த ஓய்வை நடத்திக் காட்டிவிடுவது என்று கங்கணம் கட்டியிருந்தார்.

மூலையில் கை கழுவும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சபையிலேயே ஒரு பிளம்பர் உண்டு. அவர் எழுந்தார். "வாஷர் போயிருக்கும் சார். நான் பாத்துடறேன்."

"படுங்க. இன்னிக்கு யாரும் வேலை செய்யக் கூடாது. நான் இருக்கேன்ல."

செயலாளர் குழாயை இறுக்கினார். சொட்டு நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டு முதல் வரிசைப் பாய்களை நனைத்தது.

"சார், இப்பவாவது..." என்றார் பிளம்பர்.

"நீங்க கண்ணை மூடுங்க."

ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். குழாய் நின்றது. கழிப்பறையிலும் தண்ணீர் நின்றது. உள்ளே இருந்த பாட்டு வாத்தியார் உதவி கேட்டுக் குரல் கொடுத்தார். நல்ல சாரீரம், தெருமுனை வரைக்கும் கேட்டது. அவருக்காக வாளியில் தண்ணீர் மொண்டு ஓடிவந்த செயலாளர், ஈரத் தரையில் வழுக்கி, அதை இரண்டாம் வரிசைக்கு அர்ப்பணித்தார்.

போதகர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க கொஞ்சம் உட்காருங்களேன்."

"உட்கார நேரம் எங்க ஐயா? இவங்க எல்லாரையும் ஓய்வெடுக்க வைக்கணுமே."

அப்போதுதான் அவர் மனைவி பக்கத்தில் வந்தாள். "என்னங்க, சாமான் அறையில காஞ்ச பாய் இருக்கு. நீங்களே பாத்து எடுத்தாத்தான் சரியா வரும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சொன்னதே இல்லை. மனம் குளிர்ந்துபோய் அறைக்குள் நுழைந்தார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

தட்டினார். கத்தினார். கூடத்தில் யாரோ பாட ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் குரல் எடுபடவில்லை.

அறையில் ஒரு தலையணையும் தண்ணீர்ப் பாட்டிலும் பிஸ்கட் பொட்டலமும் கிடந்தன. எவனோ பொறுப்பில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறான், நாளைக்கே கண்டிக்க வேண்டும் என்று நினைத்தபடி பிஸ்கட்டைத் தின்றார். 'நான் இல்லாம வெளிய என்ன பாடுபடறாங்களோ' என்ற கவலையில் தலையணையில் தலையைச் சாய்த்தார். கவலை அப்படியே குறட்டையாகிவிட்டது.

கதவைத் திறந்து சபைக் காவலாளி எழுப்பியபோது சாயங்காலம். அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். குழாய் சரியாகியிருந்தது. தரை காய்ந்திருந்தது. எல்லோர் முகத்திலும் நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு.

போதகர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெபம் முடிஞ்சது. அடுத்த பருவத்துக்கும் நீங்கதான் செயலாளர். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. வருஷம் பூரா நமக்காக ஓடற ஆள் வேற யாரு?"

செயலாளருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி வேலை ஏவுவதுதான். காவலாளி பக்கம் திரும்பினார்.

"முதல்ல அந்த அறைத் தாழ்ப்பாளைக் கவனிங்க. தானா விழுந்துடுது."

"அது நல்லாத்தான் இருக்கு சார்" என்றார் காவலாளி. "எல்லாருமே நான்தான் போடுவேன்னு நின்னதால காலையில சீட்டு குலுக்கினோம். உங்க வீட்டம்மா பேர் வந்துச்சு."