மாப்பிள்ளைக்கு ஐம்பது அக்காமார்

மிச்சம், லண்டன்,
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய இராஜேந்திரன் அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் கணேசலிங்கம் பணிவுடன் எழுதுவது. இங்கே குளிரைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் முழங்கால் வலியும் கல்யாணி அக்காவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் வந்தால் நீங்கள் கதவைத் திறப்பதில்லை, ஃபோனும் எடுப்பதில்லை என்பதால் உங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டுக்குத் தபாலில் வருகிறேன்.

மாப்பிள்ளைக்குச் சகோதரி முறையான ஒருத்தி தாலி முடியத் துணையாக, தோழியாக நிற்காத கலியாணத்தில் மாமன் என்று வந்து நிற்க மாட்டேன் என நீங்கள் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து என் மகள் துஷ்யா சரியாகச் சாப்பிடுவதில்லை. தனக்குக் கார் ஓட்டப் பழக்கின மாமா வராவிட்டால் கலியாணமே வேண்டாம் என்கிறாள்.

உங்கள் நிபந்தனை நியாயமானது. ஆனால் மாப்பிள்ளை ஜுன் பிறந்த காலத்தில் சீன அரசாங்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று சட்டம் வைத்திருந்தது. பிறகு இரண்டு என்றது, பிறகு மூன்று என்றது, இப்போது பெற்றால் காசும் தருகிறோம் என்கிறது. இந்தச் சலுகையை ஜுனின் தகப்பன் சென் சம்பந்திக்கு நினைவூட்டினேன். தன் மனைவிக்கு அறுபது வயது என்று பதில் வந்தது. இத்தனைக்கும் அவர் யீவு நகரில் தொழிற்சாலை வைத்திருப்பவர். நாங்கள் வாடகைக்கு எடுத்த மணவறை, பிளாஸ்டிக் வாழைமரம், நிறைகுடத்துத் தேங்காய் எல்லாம் அங்கே செய்தவை. எங்கள் சடங்குகளை எங்கள் பிள்ளைகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், பொருள் பட்டியல் இலக்கத்தோடு தெரியும்: நிறைகுடம் 418. அமெரிக்கா வரியைக் கூட்டினதிலிருந்து அவருக்கு லண்டன் தமிழர்தான் நட்பு நாடு. குலையோடு வாழைமரம் அனுப்பும் தேசத்தால் ஒரு தங்கச்சியை அனுப்ப முடியவில்லை.

முதலில் அவர் தன் தங்கையின் மகள் லீனைத் தருவதாகச் சொன்னார். அத்தை மகள் முறைப்பெண், மாப்பிள்ளையைக் கட்டவே உரிமையுள்ளவள், அவளை எப்படித் தோழியாக நிறுத்துவது என்று நீங்கள் மறுத்தீர்கள். அதைச் சொல்ல, சம்பந்தி வியாபாரி எல்லோ, குறைஞ்சது எத்தனை வேணும் எண்டு கேட்டார். நானும் மரியாதைக்கு, எத்தனை எண்டாலும் சந்தோசம் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப அவையின்ரை பூங்காவில காலமை நடனமாடுற பென்சன் எடுத்த பெண்கள் ஐம்பது பேர், தாங்கள் ஜுனுக்கு அக்கா எண்டு உங்களுக்குக் காட்டக் கையெழுத்து வைச்சு, டிக்கெட்டும் எடுத்திட்டினம். சராசரி வயது அறுபத்தேழு. ஐயரிட்டைக் கேட்டன். தாலிக்கு மூண்டு முடிச்சு, முடிச்சுக்குப் பதினாறு பேர், மிஞ்சிற ரெண்டு பேர் விளக்குப் பிடிக்கட்டும் எண்டார். என்ரை மனிசி சந்திரவதனா மட்டும் கேட்டாள்: "பிள்ளை பெறத்தானே சட்டம் வைச்சவை, மச்சாள்மாருக்கு ஒரு சட்டமும் இல்லையோ?"

ஆகவே, அத்தான், ஒரு தோழி கேட்டீர்கள், ஐம்பது பேர் வருகிறார்கள். இனிமேலும் வராமல் இருக்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அக்காவுக்கு எங்கள் எல்லோரின் அன்பு. உங்கள் ஆசீர்வாதம் பிள்ளைக்கு முன்வரிசையிலிருந்து கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
கணேசலிங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்ட முன்னம் சம்பந்தி வீடியோவில் வந்தார். அந்தக் கையெழுத்துத் தாளில் ஐம்பத்தோராவதாக லீனும் தன்ரை பேரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதைக் கண்டதும் மனுசன் உடைஞ்சு போனார். "லீன் என்ரை மகள். ரெண்டாவது பிள்ளையெண்டு பதிஞ்சால் அப்ப பார்த்த அரசாங்க வேலை போயிடும். அதாலை தங்கச்சியின்ரை பிள்ளையெண்டு எழுதிப்போட்டம்." மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜுன் அதோடை நிப்பாட்டிட்டான். அவனுக்கும் அப்பதான் தெரியும்.

மேலே எழுதினதெல்லாத்தையும் மறந்துவிடுங்கள். தோழி ஒருத்திதான், கூடப் பிறந்தவள். மற்ற ஐம்பது பேருக்கும் டிக்கெட்டைத் திருப்ப ஏலாதாம், அவை வந்து ஆடட்டும்.

கடதாசியில் அவள் மச்சாள்தானே என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. எண்பத்தேழில் நீங்கள் லண்டனில் வந்து இறங்கேக்கை, என்ரை கூடப் பிறந்த அண்ணன் எண்டு குடிவரவுக் கந்தோருக்கு எழுதிக் கையெழுத்து வைச்சவன் நான். அந்தக் கடதாசிப்படி என்ரை சொந்த அக்கா எனக்கு அண்ணி, நீங்கள் துஷ்யாவுக்குப் பெரியப்பா.

மாமனாக வர மாட்டேன் என்றுதானே சொன்னீர்கள். பெரியப்பாவாக வாருங்கள்.