இளவரசி மன்னிக்கக் கூடாது

"மன்னிச்சுட்டாளாம்! கேட்டியா இந்த அநியாயத்த?"

சிவப்புப் பேனாவை மேசையில் ஓங்கி வைத்தாள் அக்கா. அச்சகத்தில் முதலாளி முதல் இயந்திரக்காரர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். இருபது வருஷமாகப் பிழை திருத்துகிறாள். எழுத்துப் பிழையைத் தவிர வேறெதிலும் கை வைத்ததில்லை.

இது ஒரு இளவரசி கதை. ராஜாவான அப்பாவை விஷம் வைத்துக் கொன்றவனைத் தேடி, ஒரு திருடன், ஒரு மருத்துவச்சி, ஒரு பேசும் கழுதை சகிதமாக நானூறு பக்கம் காடு மலை ஏறி இறங்குகிறாள். கடைசியில் மந்திரி அகப்படுகிறான். 'மன்னித்தேன்' என்கிறாள். அதோடு கதை நிற்கிறது.

"அந்தத் திருடன் இவளுக்காக உயிரையே விட்டானே! அவனுக்கு என்ன பதில்?"

"எழுதினவர் இஷ்டம்க்கா" என்றாள் தட்டச்சுப் பெண், கணினியைவிட்டுத் தலையைத் தூக்காமல்.

"அவர் இஷ்டத்துக்கு விட்டா நாடு உருப்படுமா?"

'மன்னித்தேன்' என்பதை 'மன்னிக்க மாட்டேன்' என்று மாற்றினாள். சின்னத் திருத்தம்தானே! ஆனால் அடுத்த வரியிலேயே மந்திரி கண்ணீர் மல்க நன்றி சொன்னான். எதற்கு நன்றி? அதை அடித்துவிட்டு அவனைத் தூக்குமேடைக்கு அனுப்பினாள். கயிற்றை இழுக்க ஆள் வேண்டுமே? மருத்துவச்சிக்கு மனசு வராது. கழுதைக்குக் கை கிடையாது. திருடனைப் பிழைக்க வைக்கலாமென்றால், அவன் செத்த பக்கங்கள் காலையிலேயே அச்சாகிவிட்டன.

"அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன்னு போடு."

"இவ்வளவு நாளா எங்கக்கா இருந்தான்?"

"வெளியூர்ல!"

சாயங்காலத்துக்குள் சகோதரன் வந்து கயிற்றை இழுத்தான். போகிற போக்கில் கழுதையும் 'நீதி வென்றது' என்றது. முதலாளி படிக்காமலே தலையாட்ட, ஆயிரம் பிரதி ஓடி முடிந்தது.

மறுநாள் எழுத்தாளர் வந்தார். கக்கத்தில் ஒரு காகிதக் கட்டு. நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் படித்தவர், அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"யாரு... யாரு இதைச் செஞ்சது?"

"நான்தான்!" அக்கா எழுந்து நின்றாள். "வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி. அப்பாவப் பறிகொடுத்த பொண்ணுக்கு நீங்க நியாயம் செய்யல, நான் செஞ்சேன்!"

எழுத்தாளர் கக்கத்திலிருந்த கட்டைத் தட்டச்சுப் பெண்ணிடம் நீட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அவள் நாலைந்து தாள் புரட்டினாள்.

"அக்கா... இது ரெண்டாம் பாகம். விஷம் வச்சது மந்திரி இல்லயாம், இளவரசிதானாம்."