பூண்டு சூப்பில் கண்ட குற்றம்

மரியாதை என்பது மனுஷிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்க வேண்டும். ஒரே நாளில் மொத்தமாகக் கிடைத்தால் தலை தாங்காது. அதற்கு நானே சாட்சி. எனக்கு அது அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானல் ஏரிக்கு மேலே மேட்டில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் கிடைத்தது. அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினாறு நாள்.

நான் பூம்பாறைக்காரி. எங்கள் வீட்டில் மனிதர்களைவிடப் பூண்டுக்குத்தான் இடம் அதிகம். அடுப்புக்கு மேலே பரண் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் புகையில் தொங்கும். என் பள்ளிக்கூடப் புத்தகங்கள், பாவாடை, தலைமுடி எல்லாமே பூண்டு வாசம்தான். என் வீட்டுக்காரர் பழனிக்காரர். (பெயரைச் சொல்ல இந்த வயதிலும் வாய் வரமாட்டேன் என்கிறது.) மலையடிவாரத்தில் விபூதி, சாமி படம், பஞ்சாமிர்தம் விற்கிற கடை. அவருடைய மாமா ஒருவர் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கல்யாணப் பரிசாக, குத்துவிளக்குக்குப் பதில் அந்த ஹோட்டலில் இரண்டு நாளைக்கு அறை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

என் வீட்டுக்காரரும் அந்த மாதிரி ஹோட்டலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் போய் வந்தவர்களைத் தேடித் தேடி விசாரித்து, பரீட்சைக்குப் படிப்பது போல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தார். பழனியிலிருந்து வத்தலக்குண்டு சுற்றிக்கொண்டு பஸ் மலை ஏறி முடிக்கும்வரை எனக்குப் பாடம் நடந்தது. மலையில் பிறந்தவள் நான், மலை எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர் அவர்.

பஸ் நிலையத்துக்கே ஹோட்டல் கார் வந்திருந்தது. தொப்பி போட்ட டிரைவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். யாருக்குத் திறக்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு கழுதைதான் நின்றது.

அந்த ஹோட்டலை எப்படிச் சொல்வேன். பேரிக்காய் மரங்களுக்கு நடுவே சிவப்பு ஓடு வேய்ந்த நீளமான கட்டடம், வராந்தா முழுக்க நீலப் பூத்தொட்டிகள், கீழே பள்ளத்தில் ஏரி. பஞ்சு மாதிரி மஞ்சு ஏரியை மூடுவதும் திறப்பதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. கோட்டும் டையும் போட்ட மேனேஜர் படியிறங்கி வந்து, என் கையில் பூச்செண்டு கொடுத்து, "வெல்கம் மேடம்" என்றார். என் வாழ்நாளில் முதல் மேடம் அதுதான். உள்ளங்கால்வரை சிலிர்த்தது.

எங்களைக் கவனிக்க சூசை என்று ஒரு பட்லர். வெள்ளை உடுப்பு, சிவப்பு இடுப்புப் பட்டை. நமக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்கு ஒரு நிமிஷம் முன்பே அவருக்குத் தோன்றிவிடும். குளிருகிறதே என்று நினைத்தால் கணப்பில் நெருப்பு எரியும். போர்வைக்குள் காலை நீட்டினால், அங்கே வெந்நீர்ப் பை ஒன்று கதகதவென்று காத்திருக்கும். (முதல் தடவை பூனை என்று நினைத்துக் கட்டிலை விட்டுக் குதித்தேன்.)

குளியலறையில் பெரிய வெள்ளைத் தொட்டி. என் வீட்டுக்காரர் அதைக் காட்டி, "வேலம்மா, இது குழாய். திருகுனா வெந்நி வரும்" என்றார். குழாய் எனக்குத் தெரியாதா என்று கோபம் வந்தது. திருகினேன். உண்மையாகவே வெந்நீர் வந்தது. கோபம் போய்விட்டது. எங்கள் ஊரில் வெந்நீர் என்றால் விறகு, ஊதாங்குழல், கண்ணெரிச்சல், கடைசியில் அரை வாளி. இங்கே கழுத்துவரை. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தடவை குளித்தேன். மூன்றாவது குளியல் முடிந்து, ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வராந்தாவில் நின்று ஏரியைப் பார்த்தேன். மஞ்சு வந்து முகத்தில் மோதியது. சூசை கேட்காமலேயே ஒரு கம்பளிச் சால்வையோடு வந்து நின்றார். வேண்டாம் என்றேன். சால்வை போர்த்தினால் பட்டுச்சேலை தெரியாது. தெரியாத பட்டுச்சேலையை எதற்குக் கட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் மூக்கு இறுக அடைத்துக்கொண்டது. சொன்னால் என் வீட்டுக்காரர் படகுச் சவாரியை வேண்டாம் என்றுவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. படகில் போனோம், சிரித்தோம், அவர் எனக்குத் துடுப்பைப் பற்றி விளக்கினார். மதியம் மணியடித்ததும் சாப்பாட்டு அறைக்குப் போனோம். ஜன்னலோர மேஜை. எந்தக் கரண்டி எதற்கு என்று அவர் விளக்கினார். துணியை மடியில் எப்படி விரிப்பது என்று விளக்கினார். உப்பு எது, மிளகு எது என்றும் ஆரம்பித்தார். இந்த மனுஷருக்குத் தெரியாத விஷயம் ஒன்று, எனக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று, இந்த உலகத்தில் கிடையாதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தபோது, சூசை என் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தார்.

"பூம்பாறைப் பூண்டு சூப், மேடம். நம்ம ஹோட்டல் ஸ்பெஷல்."

சாமியே கிண்ணத்தில் இறங்கி வந்த மாதிரி இருந்தது. ஒரு வாய் எடுத்துக் குடித்தேன். சுடுதண்ணீர். இன்னொரு வாய். சுடுதண்ணீரேதான். வாசமும் இல்லை, காரமும் இல்லை. அடைத்திருப்பது என் மூக்கு என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. நான் பூம்பாறைக்காரி என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது.

எல்லாம் திருப்தியா என்று சூசை குனிந்து கேட்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"இது பூம்பாறைப் பூண்டே இல்லீங்க. மலைக்குக் கீழ வெளையுற கீழ்நாட்டுப் பூண்டு. யாரோ உங்கள நல்லா ஏமாத்துறாங்க."

சாதாரணக் கடையாக இருந்தால், 'சரிம்மா, குடிச்சிட்டுப் போ' என்றிருப்பார்கள். அது அப்படிப்பட்ட ஹோட்டல் இல்லை. அங்கே விருந்தாளி சொல்வது வேதம். சூசை முகம் வெளுத்துப் போய் உள்ளே ஓடினார். ஒரே நிமிஷத்தில் மேனேஜர் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தி, இவளுக்குப் பூண்டைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை, பிறந்ததே பூம்பாறைப் பூண்டுக் காட்டில்தான் என்றார். (நான் பிறந்தது வீட்டில்தான்.) அவ்வளவுதான், மேனேஜர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். மலைப்பூண்டின் பல் எப்படி இருக்கும், தோல் என்ன நிறம், எத்தனை நாள் புகை காட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். பக்கத்து மேஜையில் இருந்த பம்பாய்த் தம்பதி சூப்பைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

பல வருஷமாக ஒரே ஆளிடம்தான் வாங்குகிறோம், நம்பிக்கையான ஆள் என்று நினைத்தோம், நாளைக் காலையில் சரக்கோடு வருவார், நீங்களே வந்து பார்த்துச் சொன்னால் அந்த ஆளை அத்தோடு நிறுத்திவிடுகிறேன் என்றார் மேனேஜர். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம்வரை நான் தரையில் நடக்கவில்லை. கிண்ணம் நிறையப் பிளம்ஸ் பழமும் பாலாடையும் அறைக்கு வந்தது. தோட்டக்காரர் ஒரு ரோஜாவைக் கொடுத்து, நல்லா இருக்கா என்று பயத்தோடு கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, என் வீட்டுக்காரர் எனக்கு விளக்குவதை நிறுத்திவிட்டார். ஜன்னல் கொக்கியைக்கூட என்னைக் கேட்டுத்தான் மாட்டினார்.

மறுநாள் வெள்ளனே எழுந்து, இருந்ததிலேயே பெரிய சரிகை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு, தோட்டக்காரர் கொடுத்த ரோஜாவைக் கையில் பிடித்துக்கொண்டு, சூசை முன்னே போக, சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் மப்ளர் கட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். முற்றத்தில் மேனேஜர், தலைமைச் சமையல்காரர், இரண்டு மட்டக் குதிரைகள், இறக்கி வைத்த மூன்று மூட்டைகள். மூட்டைக்குப் பக்கத்தில், தலைப்பாகையும் கம்பளியுமாக, எங்கப்பா.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பூண்டை எங்கே போடுகிறார் என்று கேட்டால் 'தொரை பங்களா' என்பார். அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் பங்களாவாக இருந்து, பிறகு ஹோட்டலாகி, ஹோட்டலுக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் வைத்தது எல்லாம் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. தொரை பங்களா என்றால் ஏதோ ஒரு வெள்ளைக்காரர் வீடு என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தால் வாரத்துக்கு மூன்று மூட்டைப் பூண்டு தின்பார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் கடுமையான குரலில் அப்பாவிடம், இந்த மேடம் பூண்டு விஷயத்தில் பெரிய நிபுணர், உம்முடைய சரக்கு கீழ்நாட்டுச் சரக்கு என்கிறார், என்ன சொல்கிறீர் என்றார்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் சேலையைப் பார்த்தார், கையில் இருந்த ரோஜாவைப் பார்த்தார். ஒரு நொடி. பிறகு முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பது போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"அம்மா சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்."

பெரிய இடத்தில், பெரிய மனுஷி மாதிரி நிற்கிற மகளுக்கு, பூண்டு மூட்டைக்காரன் அப்பன் என்று தெரிந்தால் கௌரவக் குறைச்சலாகிவிடும் என்று நினைத்துவிட்டார். அவ்வளவு வருஷம் சேர்த்த நல்ல பெயரை ஒரே சொல்லில் கழற்றி வைத்துவிட்டு, மூட்டையைத் திருப்பித் தூக்கக் குனிந்தார். மேனேஜர், இனி நீர் வர வேண்டாம் என்றார். பேச வாயைத் திறந்தேன். சொல் வருவதற்குப் பதிலாகத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக ஏழெட்டு. குதிரை இரண்டும் மிரண்டு பின்வாங்கின. கடைசித் தும்மலில் முந்தைய நாள் அடைப்பு படீரென்று திறந்துகொண்டது.

அந்த நிமிஷமே மூட்டையின் வாசம் மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு அடுப்புப் புகை, எங்கள் காட்டு மண், எங்கள் பூண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது நல்ல பூண்டுதாங்க. எனக்குத்தான் சளி. அது எங்கப்பாங்க."

அந்த நேரம் பார்த்து, மப்ளரைக் கட்டி முடித்த என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். "மாமா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று ஆசையாகக் கேட்டுவிட்டு, அழுதுகொண்டிருக்கும் என்னையும், திறந்த வாய் மூடாத சமையல்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சளியோட எதுக்கு தாயி வெளிய வந்த? உள்ள போ" என்றார்.

இப்போது அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. நோட்டை எடுத்தார், முந்தைய நாள் எழுதிய பக்கத்தைக் கிழித்தார், மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு அப்பாவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அடுத்து சூசையிடம், "மேடத்தோட ஃபாதர் வந்திருக்காங்க. ஃப்ரண்ட் சைடு வழியாக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல் பின்வாசலோடு திரும்பிய மனுஷர், அன்று கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சூசை அந்தச் செருப்பை இரண்டு கையாலும் வாங்கி, ஏதோ வெள்ளிச் சாமான் போலக் கொண்டுபோய் வைத்தார். அதே ஜன்னலோர மேஜை. ரொட்டி, முட்டை, பழம் எல்லாம் வந்தது. அப்பா எதையும் தொடவில்லை. மகள் குற்றம் சொன்ன சூப்பை ஒரு வாய் பார்க்க வேண்டும் என்றார். காலை நேரத்தில் யாரும் சூப் குடிப்பதில்லை. ஆனாலும் கால் மணி நேரத்தில் புதிதாகச் செய்து கொண்டுவந்து வைத்தார்கள். தலைமைச் சமையல்காரரே கதவோரம் வந்து நின்றார்.

அப்பா கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். (என் வீட்டுக்காரர் கரண்டியைக் காட்ட வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.) எல்லாம் திருப்தியா ஐயா என்று சூசை கேட்டார். அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பூண்டுதான் கூடக் கெடக்கு. இதுல பாதி போட்டாப் போதுமே. எதுக்கு இம்புட்டு வாங்குறீங்க?"

பத்து வருஷ வியாபாரத்தைக் காலையில் மகள் கெடுக்கப் பார்த்தாள், அடுத்த ஒரு மணி நேரத்தில் அப்பாவே பாதியாக்கப் பார்த்தார். நல்லவேளை, மேனேஜர் இருவர் பேச்சையும் கேட்கவில்லை. பூண்டு எப்போதும் போலவே போய்க்கொண்டிருந்தது.

அறைக்குத் திரும்பினால், கட்டிலுக்குப் பக்கத்தில் மூடி போட்ட ஒரு குவளை. திறந்தேன். மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய பூண்டுப் பால். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ பெரிய ஹோட்டல்களில் தங்கிவிட்டேன். அப்படி ஒரு குவளை எங்கேயும் வந்ததில்லை.

ஊருக்குப் போன அப்பா, மகள் தன்னைத் தொரை பங்களாவுக்குள் முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டாள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கடைசிவரை பூம்பாறையில் யாருக்கும் மிச்சக் கதை தெரியாது. பழனியில்தான் எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் கடைக்கு வந்த ஒரு பக்தரையும் விட்டுவைக்கவில்லை.

அதனால் என் குடும்பத்தில், இத்தனை வருஷம் கழித்தும், எந்தச் சாப்பாட்டிலும் நான் குற்றம் சொல்ல முடியாது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் ரசம் சப்பென்று இருக்கிறது என்றேன். என் மருமகள், மகன், பேத்தி, இலையில் குனிந்திருந்த என் வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, "மூக்கு தெறந்திருக்கா?" என்று கேட்டார்கள். பரிமாறியவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் கோபித்துக்கொள்வதில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டேன். லேசாக அடைத்துத்தான் இருந்தது.